கோழிக்குப் பூச்சி மருந்து: எச்சத்தைப் பார்த்த பிறகே போத்தலைத் திறவுங்கள்

"பிள்ளை, பூச்சி மருந்து கொடுத்தீரா?"

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மதிலுக்கு அடுத்த பக்கம் இருக்கும் மாமி, எங்கள் கோழிகளில் ஒன்று சற்றுத் தூங்கி வழிந்தாலும் கேட்கும் முதல் கேள்வி இது. அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொன்னால் கோழி பிழைத்துவிடாது. வயிற்றுப் புழுவுக்குப் பூச்சி மருந்து என்று நாங்கள் ஒரே பெயரில் அழைப்பவை நாலைந்து வேறுவேறு மருந்துகள். கோழியின் வயிற்றில் இருக்கும் புழுக்களும் நாலைந்து வகை. ஒரு புழுவைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடுவதே இல்லை. எனவே மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்னர் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் எச்சத்தையும் பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல பேட்டுக்கோழியை இழக்க வேண்டியிருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

இரவில், கோழிகள் அடைந்த பிறகு, சந்தேகப்படும் கோழியை மெதுவாக எடுங்கள். நெஞ்சு எலும்பின் இரு பக்கமும் விரலால் தடவுங்கள். நலமான கோழியில் இரண்டு பக்கமும் சதை நிறைந்திருக்கும். எலும்பு கத்தியின் விளிம்பு போலத் தட்டுப்பட்டால் கோழி பல வாரங்களாக மெலிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு இது தெரியாது, கைக்கு மட்டுமே தெரியும். பிறகு கோழியை ஒரு பையில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வையுங்கள். மருந்தின் அளவு இந்த எடையில்தான் தங்கியிருக்கிறது.

அது அடையும் கம்புக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து விட்டு, காலையில் வெளிச்சம் வந்ததும் பாருங்கள். புதிய எச்சம்தான் வேண்டும். அரை நாள் கிடந்த எச்சத்தில் ஈயின் புழுக்கள் நெளியும். அதைக் கண்டு பயந்து மருந்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது கோழியின் சிறுநீர்ப் பகுதி. அது புழு அல்ல. நாளில் சில தடவை மண்ணிறத்தில், பசை போல, கடும் நாற்றத்தோடு போகும் எச்சமும் பெருங்குடற்பையிலிருந்து வருவது. அதுவும் இயல்பானதுதான்.

எச்சத்தில் இடியப்ப இழை போல வெள்ளைப் புழு கிடக்கிறது

இது பெரிய உருளைப்புழு. சிறுகுடலில் வாழும். நன்கு வளர்ந்த பெண் புழு 10 சென்ரிமீற்றரையும் தாண்டும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும், கண்டுபிடிப்பதற்கு இலகுவானதும் மருந்துக்கு இலகுவாகப் பணிவதும் இந்தப் புழுதான்.

ஒரு புழு வெளியே வந்திருந்தால் உள்ளே இன்னும் பல இருக்கலாம். வளர்ந்த பேடு ஒரு சிலவற்றைத் தாங்கிக்கொண்டு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளோ அப்படித் தாங்க மாட்டா. இளம் புழுக்கள் குடற்சுவரைத் துளைத்து உள்ளே தங்குவதால் குஞ்சுகளுக்கு வயிற்றோட்டமும், சிறகு தொங்குவதும், வளர்ச்சி நின்றுபோவதும் வரும். புழுக்கள் திரண்டு குடலையே அடைத்துவிடுவதும் உண்டு.

பைப்பரசின், லெவாமிசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல் ஆகிய எதுவும் இந்தப் புழுவுக்கு வேலை செய்யும். பைப்பரசின் புழுவைக் கொல்லாமல் முடக்கி வெளியே தள்ளுகிறது. மறுநாள் எச்சத்தில் புழுக்கள் கிடந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் குடற்சுவருக்குள் இருக்கும் இளம் புழுக்களை அது தொடாது. அதனால் இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி ஒரு முறை கொடுக்க வேண்டும். அந்தத் திகதியை மருந்து கொடுத்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மறந்துபோவது எப்போதும் இந்த இரண்டாவது தடவையைத்தான்.

எச்சத்தில் அரிசி மணி போல ஒட்டியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் அசைகிறது

இது நாடாப்புழுவின் துண்டு. கழுத்துப் பக்கம் புதிய துண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்க, வால் பக்கம் முதிர்ந்த துண்டுகள் உடைந்து எச்சத்தோடு வெளியேறுகின்றன. வெயில் பட்டால் உலர்ந்து எள்ளு அளவுக்குச் சுருங்கிவிடும். காலையிலேயே பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். கோழி தின்ற சோறு அப்படியே வெளியே வராது. ஆகவே அரிசி போல ஒன்றைக் கண்டால் அது சோறாக இருக்காது.

எங்களிடம் ஒரு சாம்பல் நிறப் பேடு இருந்தது. மெலியத் தொடங்கியதும் நான் ஒரு கடையில் போய்ப் பூச்சி மருந்து கேட்டேன். என்ன புழு என்று அவர்கள் கேட்கவும் இல்லை, நான் பார்த்திருக்கவும் இல்லை. பைப்பரசின் தந்தார்கள். ஒரு மாத இடைவெளியில் மூன்று தடவை கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் இனிச் சரியாகிவிடும் என்று நம்பினேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஒரு காலையில் கூட்டுக்குள் இறந்து கிடந்தது. மிருக வைத்தியர் வயிற்றைத் திறந்து காட்டியபோது குடல் முழுவதும் தட்டையான நாடாப்புழுக்கள். பைப்பரசினால் நாடாப்புழுவை எதுவும் செய்ய முடியாது. மூன்று மாதங்களாக அந்தப் பேடு சரியான மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறது. தாளை விரித்து ஒரு காலை எச்சத்தைப் பார்த்திருந்தால் அது பிழைத்திருக்கக்கூடும்.

நாடாப்புழுவுக்கு மிகவும் பொருத்தமான மருந்து பிராசிகுவாண்டெல். அது கிடைக்காவிட்டால், உருளைப்புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவில் அல்பெண்டசோலை மிருக வைத்தியர்கள் எழுதித் தருவதுண்டு. லெவாமிசோலையோ ஐவர்மெக்டினையோ இதற்கு நம்ப வேண்டாம்.

மருந்து பிடித்துச் சில வாரங்களில் அரிசி மணிகள் திரும்பி வந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். நாடாப்புழு ஒரு கோழியின் எச்சத்திலிருந்து நேரே இன்னொரு கோழிக்குப் போக முடியாது. நடுவில் ஒரு சிறு உயிர் வேண்டும். எறும்பு, வண்டு, வீட்டு ஈ, நத்தை என்று ஒவ்வொரு வகை நாடாப்புழுவும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. அந்த உயிரைக் கோழி கொத்தித் தின்னும்போது புழு உள்ளே போகிறது. எங்கள் வளவில் எறும்புதான் காரணம் என்று நினைக்கிறேன். தீன் வைத்த தட்டைத் தரையில் விட்டால் பத்து நிமிடத்தில் எறும்பு வரிசை வந்துவிடும். இப்போது தீன் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தின் நடுவே ஒரு செங்கல்லில் வைக்கிறேன். மிச்சத் தீனை இரவில் விடுவதில்லை. மழைக் காலத்தில் மதிலில் ஏறும் நத்தைகளைப் பொறுக்கி அகற்றுகிறேன், கோழிக்குப் போடுவதில்லை.

எச்சத்தில் எதுவுமே இல்லை, ஆனால் கோழி மெலிகிறது, கொண்டை வெளுத்துவிட்டது, முட்டை குறைந்துவிட்டது

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எச்சம் சுத்தமாகத் தெரிவதால் புழு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. மயிரிழைப்புழு என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்றபடி தலைமயிரைவிட மெல்லியது. இரைப்பையிலோ (கழுத்தடியில் தீன் சேரும் பை) சிறுகுடலிலோ சளிப்படலத்துக்குள் புதைந்திருக்கும். குடலைத் திறந்து பார்த்தாலும் நுணுக்குக்காட்டி இல்லாமல் தவறவிட்டுவிடலாம். பெரிய உருளைப்புழுவைவிட இதுவே கோழியைக் கூடுதலாக வாட்டும். இதன் சில வகைகள் மண்புழு மூலம் பரவுகின்றன. ஆகவே மழைக்குப் பிறகு கோழி கிளறும் ஈர மண்ணே முதல் சந்தேகத்துக்கு உரியது.

புழுவைத் தேடும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கைவிளக்கோடு கூட்டுக்குப் போய், கோழி அடையும் கம்பின் முனைகளையும் பலகை இடுக்குகளையும் பாருங்கள். சிவந்த புள்ளிகள் நகர்ந்தால் அவை இரத்தம் குடிக்கும் செஞ்செள் என்ற சிறு உண்ணி. பகலில் இடுக்குக்குள் ஒளிந்து, இரவில் மட்டும் கோழிமேல் ஏறும். கொண்டை வெளுப்பதற்கும் முட்டை நிற்பதற்கும் அதுவே போதும். பூச்சி மருந்தை எத்தனை தடவை கொடுத்தாலும் இந்தச் செள் போகாது. கூட்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இறகு உதிரும் காலத்திலும் முட்டை நிற்கும். ஆனால் அப்போது கோழியின் நெஞ்சுச் சதை கரைவதில்லை.

செள் இல்லை, இறகும் உதிரவில்லை, நெஞ்செலும்பு மட்டும் கூராகிக்கொண்டே போகிறது என்றால் எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். நான்கைந்து இடங்களிலிருந்து புதிய எச்சத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, ஒரு சுத்தமான சிறு போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். அன்றே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைய மட்டும் விடக்கூடாது. உங்கள் பிரிவுக்குரிய அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ தனியார் மிருக வைத்தியரிடமோ கேளுங்கள். நுணுக்குக்காட்டியில் மயிரிழைப்புழுவின் முட்டையை அடையாளம் காண்பது கடினமல்ல. எலுமிச்சம்பழ வடிவில் இரு முனையிலும் மூடி வைத்தது போலிருக்கும். இதற்குப் பைப்பரசின் பலன் தராது. அல்பெண்டசோல் அல்லது பென்பெண்டசோல்தான் வழக்கமாகத் தரப்படுகிறது. ஒரு எச்சரிக்கை: கோழி புதிய இறகு முளைக்கும் நேரத்தில் பென்பெண்டசோல் கொடுத்தால் இறகு கோணலாக வரலாம். புறா வளர்ப்பவர்கள் அல்பெண்டசோலையும் பென்பெண்டசோலையும் புறாவுக்குக் கோழியின் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். புறாவுக்கு அவை நஞ்சாகிவிடும்.

எச்சத்தில் இரத்தம்

பூச்சி மருந்தைக் கீழே வையுங்கள். குஞ்சுகள் உடலைக் குறுக்கி, இறகைச் சிலிர்த்து, இரத்தத்தோடு எச்சமிட்டால் பெரும்பாலும் அது கொக்சிடியா என்ற ஒற்றைக் கலக் கிருமி. அது புழு அல்ல. பைப்பரசினோ அல்பெண்டசோலோ அதை அழிக்காது. அம்ப்ரோலியம், டொல்ட்ராசூரில் போன்றவை வேண்டும், அதுவும் அன்றே வேண்டும். ஒரு நாளைப் பூச்சி மருந்தில் வீணாக்கினால் பாதிக் குஞ்சுகள் போய்விடும். எச்சத்தில் எப்போதாவது ஒரு சிறு செந்நிறத் தோல் துண்டு தெரிந்து, கோழி தீன் தின்று சுறுசுறுப்பாக இருந்தால், அது குடலின் உள்தோல் உரிந்தது. பதற வேண்டாம்.

வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்குகிறது

ஏப்ரல் மாத நடுப்பகலில் கொழும்பில் எல்லாக் கோழிகளும் வாய் திறந்துதான் நிற்கும். நிழலும் தண்ணீரும் கொடுத்து மாலையில் பாருங்கள். மாலையிலும் நிற்காமல், தலையை உதறி இருமினால், மூச்சுக்குழலில் தங்கும் சிவந்த புழுவாக இருக்கலாம். ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே வாழ்வதால் அது பிளந்த கவண் கிளை போலத் தெரியும். அதைவிடச் சாதாரணமாக வருவது சளிநோய். பல கோழிகள் ஒரே நேரத்தில் பச்சை எச்சமிட்டு, கழுத்தை முறுக்கிச் சாகத் தொடங்கினால் ராணிக்கெட் என்ற கொடிய தொற்றுநோய் என்று சந்தேகித்து, ஒரு கோழியையும் வெளியே கொடுக்காமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.

கண்ணைக் காலால் சொறிகிறது, கண்ணீர் வடிகிறது

குடற்புழுவைத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். வெப்ப நாடுகளில் கண்ணின் உள் இமைக்குக் கீழே ஒரு மெல்லிய வெள்ளைப் புழு தங்குவதுண்டு. அதைக் கொண்டுவருவது மண்ணில் வாழும் ஒரு வகைக் கரப்பான். பழைய பலகைகளையும் தேங்காய் மட்டைக் குவியல்களையும் அகற்றினால் கரப்பான் குறையும். புழுவை எடுக்கும் வேலையை மிருக வைத்தியரிடம் விடுங்கள்; வீட்டில் கண்ணுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்துவிட்டது

புழுவால் அல்ல. இளங்கோழியில் இப்படிக் கண்டால் முதலில் நினைக்க வேண்டியது வைரசால் வரும் மரெக்ஸ் நோய். பூச்சி மருந்தால் பயனில்லை.

மருந்து கொடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை

நான் கேள்விப்பட்டவற்றில் பாதிக்கு மேல் அளவுப் பிழைகள். அவற்றில் பலவும் மருந்தைத் தண்ணீரில் கலப்பதால் வருபவை. நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகவே குடிக்கும். மழை நாளில் முற்றத்தில் தேங்கிய நீரைக் குடித்துவிட்டு மருந்துத் தண்ணீரைத் திரும்பியும் பாராது. வலிய பேடு நிறையக் குடிக்கும், மருந்து வேண்டியது குடிக்காது. பத்துப் பன்னிரண்டு கோழி மட்டும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுப்பதே சரி. நான் அளந்த மருந்தைச் சிறு பாண் துண்டில் ஊறவைத்து, காலையில் பசியோடு இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன். தின்னாத கோழிக்கு ஊசி நீக்கிய சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டில் துளித்துளியாக விடுகிறேன். நாக்கின் பின்னால் தெரியும் துவாரம் மூச்சுக்குழல். அதற்குள் மருந்து போனால் கோழி அந்த இடத்திலேயே இறந்துவிடலாம். ஆகவே அவசரப்படக்கூடாது.

அடுத்தது, போத்தலின் செறிவு. அல்பெண்டசோல் திரவம் 2.5 சதவீதத்திலும் வருகிறது, 10 சதவீதத்திலும் வருகிறது. முதலாவதில் ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம், இரண்டாவதில் 100 மில்லிகிராம். இரண்டு கிலோகிராம் எடையுள்ள பேட்டுக்கு வைத்தியர் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று சொல்லியிருந்தால் மொத்தம் 20 மில்லிகிராம். அது முதற் போத்தலில் 0.8 மில்லிலீற்றர், இரண்டாவதில் 0.2 மில்லிலீற்றர். போத்தலை மாற்றி எடுத்தால் நான்கு மடங்கு கூடும் அல்லது நான்கில் ஒன்றாகக் குறையும். குறைந்த அளவைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதும் கெடுதல்தான். அது வலிமையான புழுக்களை மட்டும் மிச்சம் வைத்து, நாளடைவில் மருந்துக்கு மசியாத புழுக்களை வளர்க்கும். மனிதருக்கான மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இதனாலேயே நான் எதிர்க்கிறேன்.

பப்பாசி விதை, உள்ளி, வேப்பிலை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தீனோடு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் நெஞ்செலும்பு கூரான கோழியை அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள். பாக்குத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். பாக்கிலுள்ள அரெக்கோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்குக் கொடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது புழுவை வெளியேற்றும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

அளவும் மருந்தும் சரியாக இருந்தும் ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது என்றால் நோய் மண்ணில் இருக்கிறது. உருளைப்புழுவின் முட்டை எச்சத்தோடு விழுந்த உடனே தொற்றாது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் சுமார் இரண்டு வாரம் கிடந்து முதிர வேண்டும். கொழும்பின் வெப்பமும் மே மாத இறுதியில் தொடங்கும் தென்மேல் பருவமழையும் ஒக்ரோபர், நவம்பர் மழையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுக்கின்றன. ஐந்தாறு பேர்ச் காணியில் கோழிகளை வேறு நிலத்துக்கு மாற்றவும் இடமில்லை. ஆனால் அந்த இரண்டு வாரம் நம் கையில் இருக்கிறது. கூட்டுக்குக் கீழே விழும் எச்சத்தை நாள்தோறும், முடியாவிட்டால் வாரம் இரு முறையாவது அள்ளி, கோழி எட்டாத மூடிய குழியில் போட்டால், முட்டை முதிரும் முன்பே அகன்றுவிடும். கூட்டின் தரையில் உமியோ மரத்தூளோ தடிப்பாகப் போட்டு உலர்வாக வைத்திருங்கள்; கையில் பிடித்தால் உதிர வேண்டும், உருண்டையாகக் கூடாது. கூரையிலிருந்து நீர் வடியும் இடத்தில் கோழி கிளறாதபடி வலை அடியுங்கள். தீனைத் தரையில் வீசாதீர்கள்.

வெறும் சோறும் தேங்காய்ப்பூவும் தின்னும் கோழியைப் புழு விரைவில் வீழ்த்தும். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் உருளைப்புழு இன்னும் எளிதாக நிலைகொள்ளும். முருங்கையிலையோ பொன்னாங்காணியோ ஒரு பிடி நாள்தோறும் கட்டித் தொங்கவிடுங்கள்.

மருந்து கொடுத்தேன், கோழி இன்னும் மோசமாகிவிட்டது

புழு மிகுதியாக இருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கினால் குடல் அடைபடலாம். தீனை மறுத்து, இரைப்பை இறங்காமல், எச்சம் நின்றுபோனால் காத்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள். மிகவும் மெலிந்த கோழிக்கு முதலிலேயே அவரிடம் கேட்டுவிட்டு மருந்து தொடங்குவது நல்லது.

முட்டையைத் தின்னலாமா?

மருந்துப் பெட்டியில் முட்டைக்கும் இறைச்சிக்கும் எத்தனை நாள் விலக வேண்டும் என்று எழுதியிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள். முட்டைக் கோழிக்கு என்று எழுதப்படாத மருந்தானால், வைத்தியர் சொல்லும் நாள்வரை முட்டைகளை வீட்டிலும் உண்ணாமல், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காமல் அகற்ற வேண்டும். கோழியின் இந்தக் குடற்புழுக்கள் மனிதரின் வயிற்றில் குடியேறுவதில்லை. கூட்டைச் சுத்தம் செய்த கையைச் சவர்க்காரத்தால் கழுவுவது சல்மொனெல்லா போன்ற கிருமிகளுக்காக. மிக அரிதாக ஒரு முட்டைக்குள்ளேயே உருளைப்புழு இருப்பதைக் கண்டால், அந்த முட்டையை எறிந்துவிட்டு அன்றிரவே கூட்டுக்குள் செய்தித்தாளை விரித்து வையுங்கள்.